ஜிஞ்சர் பியரும் திருகோணமலை வெக்கையும்

மார்கழி பிறந்துவிட்டால் அம்மம்மாவின் குசினியில் ஒரு மூலைக்குப் பிள்ளைகள் போகக்கூடாது. அங்கே ஒரு பலகைப் பெட்டி இருக்கும். அதற்கு மேல் நனைத்துப் பிழிந்த சாக்கு. சாக்குக்குக் கீழே ஜிஞ்சர் பியர் என்கிற காஸ் அடைத்த இஞ்சிப் பானம், பன்னிரண்டு போத்தல். "கிட்டப் போகாதையுங்கோ, கண்ணைக் கொண்டு போயிடும்" என்று அம்மம்மா சொல்லிக்கொண்டே இருப்பா. ஒரு போத்தல் எப்படிக் கண்ணைக் கொண்டுபோகும் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்குவதற்கு 2022 வரை போயிற்று.

அம்மம்மா அதைப் படித்தது அடுத்த வீட்டுப் பறங்கி அன்ரியிடம். அன்ரியின் கணவர் டொக்யார்ட்டில் வேலை செய்தவர். 1957இல் பிரிட்டிஷ் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன பிறகும் அந்தக் குடும்பம் இங்கேயே இருந்தது. நத்தாருக்கு அவர்கள் வீட்டிலிருந்து கேக்கும் ஜிஞ்சர் பியரும் வரும், தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து பொங்கலும் வடையும் போகும். அப்படிப் போய்வந்ததில் செய்முறையும் ஒருநாள் மதிலைத் தாண்டி வந்தது. ஏதோ ஒரு ஆங்கிலச் சமையல் புத்தகத்தைப் பார்த்து அன்ரி சொல்லச் சொல்ல, அம்மம்மா தமிழில் எழுதிக்கொண்ட ஒரு தாள். பிஸ்கற் ரின்னுக்குள் இருந்த அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது.

அதில் பேனையால் எழுதியது: "போத்தலில் அடைத்து மூன்று நாள் வைக்கவும்." அந்த "மூன்று நாள்" என்பதைப் பென்சிலால் வெட்டி, பக்கத்தில் அம்மம்மாவின் கையெழுத்தில்: "ஒரு ராத்திரி காணும்."

நான் முதன்முதலாக உப்புவெளி வீட்டில் செய்தபோது அந்தப் பென்சில் வரியைப் பொருட்படுத்தவில்லை. அம்மம்மாவுக்கு எதிலும் அவசரம், அதனால் வெட்டியிருப்பா என்று நினைத்தேன். அச்சில் வந்த புத்தகம் மூன்று நாள் என்றால் அதில் காரணம் இருக்கும்தானே. காரணம் இருந்தது. அந்தப் புத்தகம் எழுதப்பட்ட ஊரில் குசினி 16, 17 பாகையில் இருக்கும். எங்கள் குசினி விடியற்காலையிலும் 28 பாகைக்குக் கீழே இறங்காது. ஈஸ்ட் உயிருள்ள சாமான். குளிரில் சோம்பிக் கிடக்கும், 30 பாகையில் விழுந்து விழுந்து வேலை செய்யும். முதல்நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு அடைத்த பிளாஸ்டிக் போத்தலை மறுநாள் காலை பத்து மணிக்கு எடுத்துப் பார்த்தால், கைக்குக் கல்லுப் போல இருந்தது. மூன்று நாளில் இன்னும் இரண்டு நாள் மிச்சம். நல்லவேளை அது பிளாஸ்டிக்.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அந்தப் பென்சில் வரிக்காகத்தான். வீட்டில் காஸ் அடைத்த பானம் செய்வது எப்படி என்று இணையத்தில் படிக்கப்போனால், அனேகமாக எல்லாம் குளிர் நாட்டு ஆட்கள் தங்கள் குளிர் வீட்டுக்கு எழுதியவை. அந்தக் கணக்கை அப்படியே எடுத்து எங்கள் வெக்கைக்குள் வைத்தால் போத்தல் வெடிக்கும். சுவை பிழைத்தால் கொட்டிவிட்டு மறுபடி செய்யலாம். கண் போனால் வராது.

செய்முறை பெரிய வித்தை இல்லை. இரண்டு லீற்றருக்கு 150 கிராம் இஞ்சி, தோலோடு அம்மியில் வைத்துத் தட்டியது. 240 கிராம் சீனி. பாதித் தண்ணீரில் இரண்டையும் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கி, பழைய வெள்ளை வேட்டித் துண்டால் இரண்டு தரம் வடிகட்ட வேண்டும். மிச்சத் தண்ணீரையும் கொதித்தாறியதாகவே ஊற்ற வேண்டும். மூன்று தேசிக்காய் பிழிந்து, அதையும் வடித்துச் சேர்த்து, கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே இறங்கிய பிறகு பாண் போடுகிற ஈஸ்ட் ஒரு சிட்டிகை. அவ்வளவுதான். ஆனால் இரண்டு தரம் வடிகட்டச் சொன்னது அழகுக்காக இல்லை. இஞ்சித் தும்பும் தேசிக்காய்ச் சக்கையும் உள்ளே கிடந்தால், மூடியைத் திறந்தவுடன் ஒவ்வொரு தும்பைப் பிடித்துக்கொண்டும் குமிழி கிளம்பும். பாதிப் பானம் கூரைக்குப் போய்விடும். அம்மம்மா ஒவ்வொரு போத்தலுக்கும் இரண்டு முந்திரிகை வத்தல் போடுவா. அது கீழே கிடந்து, குமிழி ஒட்டி ஒட்டி, ஒருநேரம் மிதந்து மேலே வரும். வந்தால் பதம். அவவிடம் இருந்த மானி அதுதான்.

இனிக் கணக்கு. இதைச் சொல்லாமல் போனால் நான் எழுதியதில் பிரயோசனம் இல்லை.

ஈஸ்ட் சீனியைத் தின்று கரியமில வாயுவும் மதுசாரமும் விடுகிறது. ஒரு லீற்றருக்குள் 4 கிராம் சீனியை ஈஸ்ட் தின்று முடித்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் வாயு வரும். கடைச் சோடா போல நாக்கைக் கடிக்க வேண்டுமென்றால் ஒரு லீற்றர் பானத்துக்குள் நாலு லீற்றர் வாயு கரைந்திருக்க வேண்டும். அதற்குத் தேவை 16 கிராம் சீனி. நாங்களோ லீற்றருக்கு 120 கிராம் போடுகிறோம், இனிப்புக்காக. அதாவது போத்தல் பதமாக வந்த பிறகும் ஈஸ்டுக்கு முன்னால் இன்னும் 100 கிராமுக்கு மேல் சாப்பாடு கிடக்கிறது. அது முழுவதையும் தின்ன விட்டால் எந்தப் போத்தலும் தாங்காது. கண்ணாடியும் தாங்காது, பிளாஸ்டிக்கும் தாங்காது. பதம் வந்த அன்றைக்கே பிரிட்ஜுக்குள் வைப்பது குளிராகக் குடிப்பதற்கு மட்டுமென்று நினைக்கக்கூடாது. 4 பாகையில் ஈஸ்ட் உறங்கும். சாகாது, உறங்கும். இந்த வித்தியாசத்துக்குப் பிறகு வருகிறேன்.

வெக்கை இன்னொரு வழியாலும் வந்து சேருகிறது. குளிர்ந்த தண்ணீர் வாயுவைத் தனக்குள் வைத்துக்கொள்ளும், சூடானது வெளியே தள்ளும். நாலு லீற்றர் வாயு கரைந்த அதே போத்தல், பிரிட்ஜுக்குள் 4 பாகையில் இருக்கும்போது உள்ளழுத்தம் 25 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்று அடிக்கும்போது பார்க்கிற அழுத்த அளவு) அளவில் இருக்கும். மோட்டார் சைக்கிள் டயர் மாதிரி. அதையே வெளியே எடுத்து 30 பாகை மேசையில் வைத்தால் 70ஐத் தாண்டிவிடும். ஈஸ்ட் ஒரு துளி வேலை செய்யாவிட்டாலும் இது நடக்கும். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் எங்கள் விறாந்தை 35 பாகையில் கொதிக்கும். அந்த நேரம் கண்ணாடிப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு விருந்தாளியோடு கதைத்துக்கொண்டிருக்கிற துணிவு எனக்கு இல்லை.

சரி, எந்தப் போத்தல்? நான் சொல்வது, முதல் ஒரு வருடத்துக்குக் கண்ணாடியைத் தொடவேண்டாம். சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலைக் கழுவி எடுங்கள். தண்ணீர் விற்கிற போத்தல் கூடாது. இரண்டையும் கவிழ்த்து அடியைப் பாருங்கள். சோடாப் போத்தலின் அடியில் பூவிதழ் விரிந்த மாதிரி ஐந்து கால் இருக்கும். அழுத்தம் அடியைப் பிதுக்கித் தள்ளாமல் தாங்குவதற்கென்றே அந்த வடிவம். தண்ணீர்ப் போத்தலின் அடி மெல்லிசு. காஸ் ஏறினால் வயிறு ஊதி, நிற்கமாட்டாமல் சரிந்து விழும். சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவவும் கூடாது. நான் ஒருதரம் கொதிதண்ணீரை ஊற்றினேன், ஒன்றரை லீற்றர்ப் போத்தல் என் கண்முன்னே நெருப்புப் பட்ட ஓலை மாதிரிச் சுருண்டு முக்கால் லீற்றர் ஆகிவிட்டது. நாலு லீற்றர் பச்சைத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாசனையில்லாத வெளுக்கும் திரவம், அதில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு கொதித்தாறிய தண்ணீரால் நன்றாக அலசினால் போதும். உள்ளே தூரிகை போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். கீறல் விழுந்த இடத்தில்தான் கிருமி குடியிருக்கும்.

பிளாஸ்டிக்கில் இன்னொரு பெரிய நன்மை, அது கையோடு பேசும். அடைக்கும்போது பக்கத்தை அமத்தினால் பள்ளம் விழும். நாலைந்து மணித்தியாலம் கழித்து அமத்தினால் பந்து மாதிரித் திருப்பித் தள்ளும். பெருவிரலால் எவ்வளவு அழுத்தினாலும் அசையாத நேரம் வந்துவிட்டதென்றால், அந்த நிமிடமே பிரிட்ஜ். மணிக்கூட்டைப் பார்த்து முடிவெடுக்கிற வேலையே இல்லை. மாசியில் எங்கள் வீட்டில் 18 மணித்தியாலம் போகிறது, ஆடியில் 10 மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது. எழுத்தில் வந்த எந்தக் கணக்கையும் விட, நான் இப்போது எழுதுகிற இந்தக் கணக்கையும் விட, உங்கள் பெருவிரலை நம்புங்கள்.

கண்ணாடியில் அடைத்தே ஆகவேண்டும் என்றால், அதே பானத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தலையும் அதே நேரம் அடைத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். அது இறுகினால் மற்றவையும் இறுகிவிட்டன என்று பொருள். கண்ணாடியும் பியரோ சோடாவோ வந்த தடித்த போத்தலாக இருக்க வேண்டும். சாராயப் போத்தல், சோஸ் போத்தல், தேன் போத்தல் எதுவும் அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல. சதுரப் போத்தல் எல்லாவற்றிலும் மோசம், மூலையில்தான் முதலில் பிளக்கும். கம்பி மூடி வைத்து அழகுக்கு விற்கிற போத்தல்களையும் நான் நம்பமாட்டேன். விளிம்பிலே ஒரு சின்னச் சில்லு உடைந்திருந்தாலும் அதைக் குப்பைக்குத்தான் அனுப்புவேன்.

போத்தலை மூடுவது என்ற ஒரு காரியத்துக்காகவே மனிதர்கள் எவ்வளவு மூளையைச் செலவழித்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கும். அம்மப்பா சின்ன வயதில் கடைத்தெருவில் குடித்த, கழுத்துக்குள் கண்ணாடிப் போளை கிடக்கிற சோடாப் போத்தல், ஹைரம் கொட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை எடுத்தது. காஸ் அடைத்துத் தலைகீழாகக் கவிழ்த்தால் போளை கழுத்துக்கு வரும், உள்ளே இருக்கிற காஸே அதை றப்பர் வளையத்தோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். எவ்வளவு காஸோ அவ்வளவு இறுக்கம். தனக்குத் தானே பூட்டுப் போடுகிற பானம்! அதற்கு 20 வருடம் கழித்து, 1892இல், பால்ற்றிமோர் நகரத்து வில்லியம் பெயின்டர் பல்லு வைத்த தகர மூடிக்குக் காப்புரிமை எடுத்தார். இன்றைக்கும் அதுதான் கடையில். அந்த மூடியை வீட்டில் அடிக்கச் சின்னக் கை இயந்திரம் இருக்கிறது, இரண்டு பக்கமும் கைபிடி வைத்தது. என் தம்பி கொழும்பிலிருந்து கொண்டுவந்து தந்தான். இரண்டு கையும் ஒரே சீராக அமத்த வேண்டும். ஒரு பக்கம் சரிந்தால் போத்தலின் கழுத்து உடையும், எனக்கு இரண்டு போத்தல் அப்படிப் போனது.

இப்போது 2022.

பங்குனி மாதம் மகளின் பிறந்தநாளுக்கென்று ஒன்பது கண்ணாடிப் போத்தல் அடைத்திருந்தேன். பதமாக வந்து, பிரிட்ஜுக்குள் வைத்து மூன்று நாள். அப்போதுதான் கரண்ட் வெட்டு நீண்டுகொண்டே போனது. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. பாலைக் காய்ச்சி வைக்க வேண்டும், மீனைப் பொரித்து வைக்க வேண்டும் என்று ஓடித்திரிந்தேனே தவிர, போத்தலை நினைக்கவே இல்லை. அது அடைத்து முடிந்த சாமான், அதற்கு என்ன வரப்போகிறது?

உறங்கின ஈஸ்ட் எழும்பிவிட்டது. பின்னேரம் மூன்று மணி இருக்கும், குசினியில் ஒரு சத்தம். வாசலில் யாரோ சீனவெடி கொளுத்திப் போட்ட மாதிரி. அம்மா ஓடிப்போய்ப் பிரிட்ஜ் கதவில் கையை வைத்துவிட்டா. "திறக்காதையுங்கோ அம்மா!" என்று நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா மதிலால் எட்டிப் பார்த்தா. கதவின் கீழ்ப்பக்கத்தால் பானம் வடிந்து நிலத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது. உள்ளே இன்னும் எட்டுப் போத்தல்.

அந்த நேரம் நாங்கள் செய்த ஒரே புத்தியான காரியம், ஒன்றுமே செய்யாமல் இருந்தது. கதவுக்குக் குறுக்கே கதிரையை வைத்துக் கட்டிவிட்டு, எல்லாரும் முன் விறாந்தையில் போய் இருந்தோம். இரவு கரண்ட் வந்தது. விடியும் வரை குளிர விட்டோம். குளிர்ந்தால்தான் உள்ளழுத்தம் இறங்கும். காலையில் என் கணவர் மழைக்கோட்டுப் போட்டு, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கண்ணாடி இறக்கிப் போட்டு, தோல் கையுறையோடு கதவைத் திறந்தார். ஒரு போத்தல் தூள். அதன் ஒரு சில்லு, தட்டில் இருந்த கத்தரிக்காய்க்குள் இரண்டு அங்குலம் ஏறி நின்றது. கத்தரிக்காய்க்குப் பதில் அம்மாவின் கழுத்தை நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன். மிச்ச எட்டையும் ஒவ்வொன்றாக ஈரச் சாக்கில் சுற்றி முற்றத்துக்குக் கொண்டுபோய், சாக்கை விலக்காமலே மூடியைத் திறப்பானால் கொஞ்சமாக நெம்பி நெம்பி காஸை வெளியேற்றினார். ஒன்றையும் நாங்கள் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு என் வீட்டில் சீனி மிச்சமுள்ள பானம் கண்ணாடிக்குள் போவதில்லை. கண்ணாடியில் ஆபத்தில்லாமல் அடைக்க ஒரு வழி உண்டு. இனிப்புக்கு ஈஸ்ட் தின்னாத ஸ்டீவியா போட்டு, காஸுக்கென்று லீற்றருக்கு 8 கிராம் சீனியை மட்டும் நிறுத்துப் போட்டால், அது தீர்ந்ததும் வேலை தானாக நின்றுவிடும். செய்து பார்த்தேன். ஸ்டீவியாவின் பின்கசப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு விஷயம். ஈஸ்ட் காஸை மட்டும் விடுவதில்லை, மதுசாரத்தையும் விடுகிறது. கடைச் சோடா அளவுக்குக் காஸ் ஏறிய ஜிஞ்சர் பியரில் நூற்றுக்கு ஒன்று அளவில் மதுசாரம் இருக்கும். நாள் போகப் போகக் கூடும். என்னோடு வேலை செய்கிற கிண்ணியாத் தோழி ஒருமுறை நோன்பு திறக்க எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "இதுல ஈஸ்ட் போடுறதா?" என்று கேட்டாள். போடுகிறது என்றேன், அளவையும் சொன்னேன். ஆகும், ஆகாது என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? உள்ளே என்ன இருக்கிறது என்று மறைக்காமல் சொல்ல மட்டும் நான் கடமைப்பட்டவள். அவள் அன்றைக்குத் தேசிக்காய்த் தண்ணீர் குடித்தாள். எனக்கு மனதுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரே மேசையில் இருந்து எல்லாரும் ஒரே போத்தலில் ஊற்றிக் குடிக்க வேண்டாமா?

அதற்காகத்தான் சிலிண்டர் வாங்கினோம். உணவுக்குரிய கரியமில வாயுச் சிலிண்டர், அதன் அழுத்தத்தைக் குறைத்து விடுகிற ரெகுலேட்டர், குழாய், சோடாப் போத்தலில் திருகுகிற வால்வு வைத்த மூடி. நன்னாரி வேரை அவித்து இறக்கி, சீனியும் தேசிக்காயும் சேர்த்து, பிரிட்ஜில் நன்றாகக் குளிர வைக்க வேண்டும். சூடான தண்ணீருக்குள் காஸ் ஏறாது, எவ்வளவு திறந்தாலும் ஏறாது. போத்தலில் முக்காலுக்கு ஊற்றி, மேலே இருக்கிற காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, மூடியைத் திருகி, ரெகுலேட்டரில் 30 பிஎஸ்ஐ வைத்துத் திறந்தால் சப்பின போத்தல் டப்பென்று நிமிரும். அப்படியே ஒரு நிமிடம் குலுக்கினால், காஸ் தண்ணீருக்குள் இறங்குகிற இரைச்சல் கையில் தெரியும். இரைச்சல் அடங்கினால் ஏறிவிட்டது. பத்து நிமிடம் பிரிட்ஜில் ஆறவிட்டுத் திறக்க வேண்டும். ஈஸ்ட் இல்லை, மதுசாரம் இல்லை, நாளைக்கு அழுத்தம் கூடுகிற பயமும் இல்லை.

சிலிண்டருக்கு அதன் பயம் வேறு. ரெகுலேட்டர் இல்லாமல் அதைத் திறப்பது தற்கொலை. உள்ளே 20 பாகையிலேயே 57 மடங்கு வளியழுத்தம் நிற்கும். 31 பாகையைத் தாண்டினால் கரியமில வாயுவைத் திரவமாக வைத்திருக்க எந்த அழுத்தத்தாலும் முடியாது, சூடு ஏற ஏற உள்ளழுத்தமும் ஏறிக்கொண்டே போகும். எங்கள் ஊரில் அது சாதாரண மத்தியானம். அதனால் வெயிலிலோ வாகனத்துக்குள்ளோ விடக்கூடாது. நிமிர்த்தி வைத்துச் சுவரோடு கட்ட வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். எவ்வளவு மிச்சம் என்று முள்ளைப் பார்த்து அறியமுடியாது, தராசில் நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். சுவை என்று கேட்டால் ஈஸ்டில் வந்த ஜிஞ்சர் பியரின் மணம் இதில் வராது. நன்னாரிக்கு அது தேவையுமில்லை.

போன நோன்புக்குக் கிண்ணியாவுக்கு ஆறு போத்தல் நன்னாரி போனது. நத்தாருக்கு இந்த முறையும் ஈஸ்ட் போட்ட ஜிஞ்சர் பியர்தான், பிளாஸ்டிக்கில், தெருவில் நாலு வீட்டுக்கு. அம்மம்மாவின் தாளில் "ஒரு ராத்திரி காணும்" என்பதற்குக் கீழே நானும் பென்சிலால் மூன்று வரி எழுதி வைத்திருக்கிறேன். "கச்சான் நாளில் பத்து மணித்தியாலம். பெருவிரலால் அமத்திப் பார். கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காதே."